1729-ஐ விடுங்கப்பா!

டிசம்பர் 22 வந்தா போதும், அதே ஃபார்வர்டு. ராமானுஜன், டாக்ஸி, 1729, நாமகிரித் தாயார் கனவுல வந்து சொன்னாங்க. போன வருஷம் வந்ததே தேதி மாறாம இந்த வருஷமும் வந்துச்சு. அந்த மனுஷனைப் பற்றி நமக்குத் தெரிஞ்சது இவ்வளவுதானா மக்களே? (1729-ஓட அந்தக் குணத்தை 1657-லயே ஃபிரெனிக்கிள்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிட்டார்.)

சரி, மேட்டருக்கு வரேன். 12-க்கு 6 காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் 6 கிடையாது. அதே மாதிரி 24-க்கு 8, 60-க்கு 12. இப்படித் தன்னைவிடச் சின்ன எண் எல்லாத்தையும் காரணி எண்ணிக்கையில தோற்கடிக்கற எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-ல லண்டன் கணிதக் கழக இதழ்ல நீளமா ஒரு கட்டுரை எழுதினார். 6746328388800 வரைக்கும் பட்டியல். நம்ம கணக்குல 6,74,632 கோடிக்கு மேல. காரணிகள் 10080!

அந்தப் பட்டியல்ல ஒண்ணு விட்டுப்போச்சு: 293318625600. இதைப் பகா எண்களாப் பிரிச்சா 2-ன் அடுக்கு 6, 3-ன் அடுக்கு 4, 5-க்கும் 7-க்கும் 2, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொண்ணு. அடுக்கோட 1 கூட்டிப் பெருக்குங்க: 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். வேடிக்கை என்னன்னா, இதை 23-ஆல பெருக்கினா வர்றது அவர் பட்டியலோட கடைசி எண்ணேதான். புள்ளை லிஸ்ட்ல இருக்கு, அப்பனைக் காணோம் :-)

சாமி சொல்லி எழுதின லிஸ்ட்ல இப்படி விடுமா? அவரோட பக்தி அவர் சொந்த விஷயம், அதைக் கிண்டல் பண்ணல. ஆனா இது ஒரு மனுஷன் உட்கார்ந்து அடுக்கை மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்த வேலை. பெரிய பகா எண்ணோட அடுக்கு சின்னதோட அடுக்கைத் தாண்டக் கூடாது, கடைசிப் பகா எண்ணோட அடுக்கு 1-தான், 4-ம் 36-ம் மட்டும் விதிவிலக்குன்னு வரிசையா நிரூபிச்சிருக்கார். 1916-ல கேம்பிரிட்ஜ் பட்டம் குடுத்தது இந்த வேலைக்குத்தான். டாக்ஸி நம்பருக்கு இல்ல.

எனக்கு ஏன் இவ்வளவு கடுப்பு? நான் நாட்றாம்பாளையத்துக்காரன். பத்தாவது கணக்குல தடுமாறுற பையன்கிட்ட "அதெல்லாம் தெய்வ வரம்"னு சொல்லிப் பாருங்க. நமக்கு அந்த வரம் இல்லன்னு நோட்டை மூடிட்டு, ஓசூர்ல ஏதாவது கான்ட்ராக்ட் வேலைக்குக் கிளம்பிடுவான். எங்க பக்கம் அப்படிக் கிளம்பினவங்க நிறைய.

அடுத்த தடவை ஃபார்வர்டு பண்றதுக்குப் பதிலா, வீட்ல இருக்கற பையனையோ பொண்ணையோ 36-ஓட காரணிகளை எழுதச் சொல்லுங்க. 9 வரும். அப்புறம் 48. அதுக்கு 10. ஒண்ணு ரெண்டு விட்டுட்டா திட்டாதீங்க, திரும்ப எண்ணச் சொல்லுங்க.