ஓட்டை உடைக்கும் உரிமை குஞ்சுக்கே உரியது

நோர்வேயில் பொஸ்கெ எனப்படும் உயிர்ப்பு விழாக் காலம் நெருங்கியதும் கடைகளிலும் வீட்டு மேசைகளிலும் மஞ்சள் நிறக் கோழிக்குஞ்சுப் பொம்மைகள் நிறைந்துவிடுகின்றன. பார்னஹாகெ எனப்படும் பாலர் பாடசாலைகள் சிலவற்றில் கருக்கட்டிய முட்டைகளைச் சிறிய இயந்திரத்தில் அடைவைத்து, குஞ்சு பொரிப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் வழக்கமும் உண்டு. அதைப் பார்த்து வந்த பிள்ளை, “எங்கள் வீட்டிலும் வைப்போம் அப்பா” என்று கேட்பது இயல்பே. மேசை மேல் வைக்கத்தக்க சிறிய இயந்திரங்கள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஒஸ்லோவின் தொடர்மாடி வீடுகளில் வாழும் சைவக் குடும்பங்களிலும் இக்கேள்வி எழாமலில்லை. ஆதலின் இதுபற்றிச் சற்று ஆழமாகச் சிந்திப்பது பயனுடையதாகும்.

ஈழத்துக் கிராமத்து முற்றங்களில் வளர்ந்த பெரியோருக்கு அடைவைத்தல் புதுமையன்று. கடகத்தில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, இடி முழக்கத்தால் அவை கூழாகிவிடக்கூடாதென்று இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் உடன்வைத்து, அடைக்கோழியை அமர்த்திவிட்டால் மற்றைய வேலையெல்லாம் கோழியினுடையது. அதனைக் கிட்டப்போய்த் தொந்தரவு செய்யும் பிள்ளைகள் அம்மம்மாவிடம் ஏச்சு வாங்குவார்கள். கோழியில்லாமல் குஞ்சு பொரிப்பிப்பதும் பழைய கலையே. எகிப்தில் முட்டைகளைச் சாணக் குவியலில் புதைத்துப் பொரிக்க வைப்பதைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டோட்டில் எழுதிவைத்தார். பிற்காலத்தில் அந்நாட்டு மண் சூளைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒருங்கே அடைவைத்த தொழிலாளர், முட்டையைக் கண்ணிமையில் ஒற்றி அதன் சூட்டை அறிந்தனர். இன்றைய இயந்திரம் அவ்வேலையை மின்சாரத்தால் செய்கிறது. ஆனால் தாய்க்கோழியின் அறிவு அதற்கு இல்லை. அந்த அறிவை மனிதனே வழங்கவேண்டியவனாகிறான். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

21ஆம் நாள் வருகிறது. ஒரு முட்டையில் சிறு துளை விழுகிறது. உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கிறது. ஒரு மணி, இரண்டு மணி, ஐந்து மணி நேரமாகியும் துளை பெருக்கவில்லை. பிள்ளை அழத் தொடங்குகிறது. “பாவம், அதற்கு வரத் தெரியவில்லை, உடைத்து விடுங்கள்” என்கிறது. பெற்றவர் மனம் இளகிக் கை ஓட்டின் மேல் செல்கிறது. இந்தக் கை செய்வது தருமமா, தீங்கா?

இதற்கு இருவகையான விடைகள் சொல்லப்படுகின்றன. துன்பப்படும் உயிருக்கு உடனே உதவுவதே கருணை என்பது ஒன்று. வெளிவர வலுவில்லாத குஞ்சு பிழைக்கத் தகுதியற்றது, அதை இயற்கையின் போக்கில் விட்டுவிட வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் முழுமையான விடைகள் அல்ல. முதலாவது அறியாமையால் கொல்கிறது. இரண்டாவது பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறது.

முதலாவதை எடுத்துக்கொள்வோர், ஓட்டுக்குள் நடப்பதை அறியவேண்டும். முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை உண்டு. அடைவைத்து ஏறக்குறைய 19ஆம் நாளில் குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் குத்திக் காற்றறைக்குள் மூக்கை நீட்டி முதன்முறையாக நுரையீரலால் மூச்சு விடுகிறது. அதுவரை ஓட்டின் உட்புறத்தில் பரவியுள்ள இரத்தக்குழாய்களே அதற்கு ஒட்சிசனைத் தந்தன. பின்னர் அலகின் நுனியிலுள்ள முட்டைப் பல் எனப்படும் கூரிய சிறு முனையால் வெளியோட்டில் துளையிடுகிறது. அதன்பின் வரும் 12 முதல் 24 மணி நேரம் வெளியே நிற்பவருக்கு ஒன்றுமே நடவாததுபோல் தோன்றும். உள்ளே நடப்பது மிகப் பெரிய காரியம். சவ்விலுள்ள இரத்தம் முழுவதும் குஞ்சின் உடலுக்குத் திரும்புகிறது. எஞ்சிய மஞ்சட்கரு கொப்பூழ் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இவை முடிந்த பின்னரே குஞ்சு உள்ளே மெல்லச் சுழன்று, ஓட்டை வட்டமாக வெட்டி, காலால் உதைத்து வெளிவருகிறது.

எனவே ஐந்தாம் மணியில் ஓட்டை உரிப்பவர், இரத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சவ்வைக் கிழிக்கிறார். குஞ்சு இரத்தம் சிந்தி இறக்கலாம். மஞ்சட்கரு உள்வாங்காத வயிற்றோடு வெளிவந்தால், கொப்பூழ் வழியே கிருமி புகுந்து சில நாட்களில் மாண்டுபோகலாம். பிள்ளையின் கண்ணீரைத் துடைக்க எண்ணிய கையே அப்பிள்ளைக்கு மரணத்தைக் காட்டிய கையாகிவிடுகிறது. இன்னொரு தீங்கும் உண்டு. ஒரு குஞ்சுக்காக மூடியைத் திறக்குந்தோறும் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி, மற்றைய முட்டைகளின் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்கிறது. ஒன்றைக் காக்கப் போய் ஐந்தை இழந்த கதையாக இது முடியும்.

இனி இரண்டாவது விடை. இயற்கையின் போக்கில் விடலாம் என்போர், மேசை மேலிருக்கும் அப்பெட்டியில் இயற்கை எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். தாய்க்கோழி நாளெல்லாம் முட்டைகளைப் புரட்டுகிறது. நடுவிலுள்ளதை ஓரத்துக்கும் ஓரத்திலுள்ளதை நடுவுக்கும் தள்ளுகிறது. பொரிக்கும் நாள் நெருங்கும்போது ஓட்டுக்குள்ளிருக்கும் குஞ்சின் கீச்சொலிக்கு மறுகுரல் கொடுக்கிறது. குஞ்சுகள் தம்முள் ஒலியெழுப்பி ஏறக்குறைய ஒரே வேளையில் பொரிக்கின்றன என்பதை 1960களில் மார்கரெட் வின்ஸ் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் காடை முட்டைகளைக் கொண்டு காட்டினார். அந்தத் தாயை நீக்கிவிட்டு அவளிடத்தில் அமர்ந்தவன் மனிதன். அவனுடைய கவனக்குறைவால் குஞ்சு சிக்கிக்கொண்டால், அதை வலுவற்ற குஞ்சென்று பழிப்பது நியாயமன்று.

ஒஸ்லோவில் இக்குறை எளிதில் நேரக்கூடியது. மாசி, பங்குனியில் வெளியே உறைபனி நிற்க, உள்ளே சூடேற்றிய வீட்டின் காற்று மிகவும் வறண்டிருக்கும். முட்டை அடையிருக்கும் காலத்தில் தன் நிறையில் நூற்றுக்கு 12 முதல் 14 வீதம் வரை நீராவியாக இழக்கவேண்டும். வறண்ட அறையில் இழப்பு கூடுகிறது. காற்றறை அளவுமீறிப் பெருத்து, சவ்வு தோல்போல் இறுகி, குஞ்சு திரும்ப முடியாமல் உள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. யாழ்ப்பாணத்து முற்றத்தில் அடைக்கோழியின் கீழ் இப்படி நேர்வது அரிது. ஆகவே, இயந்திரம் வாங்குவோர் அதன் விலையோடு ஈரப்பதனை அளக்கும் கருவியின் விலையையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

உதவி என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இங்கேதான் புலப்படுகிறது. உதவவேண்டிய காலம் 21ஆம் நாளன்று. முதலாம் நாளும் அதற்கு முன்பும் ஆகும். காற்றாடியுள்ள இயந்திரத்தில் வெப்பம் 37.5 பாகை செல்சியஸில் நிற்கவேண்டும். முதல் 18 நாட்களுக்கு ஈரப்பதன் நூற்றுக்கு 45 முதல் 55 வீதம் வரையும், கடைசி மூன்று நாட்களில் 65 முதல் 70 வீதம் வரையும் இருக்கவேண்டும். நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று முறை முட்டைகளைப் புரட்டி, 18ஆம் நாளில் நிறுத்திவிட வேண்டும். ஏழாம் நாளளவில் இருட்டறையில் ரோச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கருவிருக்கும் முட்டையில் சிலந்திவலை போன்ற நரம்புகள் தெரியும். 18ஆம் நாளுக்குப் பின் மூடியைத் திறக்கலாகாது. நோர்வேக் கடைகளில் உண்பதற்கு விற்கப்படும் கோழிமுட்டைகள் சேவலில்லாப் பண்ணைகளில் இடப்படுபவை. அவற்றை வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

இவ்வளவும் செய்தபின், துளை விழுந்து 24 மணி நேரம் கடந்தும் சிறிதும் முன்னேற்றமில்லாது, சவ்வும் காய்ந்து மஞ்சளித்திருக்கக் கண்டால், அப்போது கை நீட்டலாம். அதுவும் பொறுமையோடுதான். இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சினால் சவ்வை ஈரமாக்கி, துளையைச் சுற்றி ஓட்டைச் சிறு சிறு துண்டாக அகற்றவேண்டும். ஒரு துளி இரத்தம் தோன்றினாலும் நிறுத்தி, முட்டையை உள்ளே வைத்து மூடிச் சில மணி நேரம் காத்திருக்கவேண்டும். குஞ்சைப் பிடித்து வெளியே இழுக்கவே கூடாது. கடைசி உதையை அதுவே உதைக்கட்டும். வந்தபின் மயிர் உலரும்வரை அது இயந்திரத்துக்குள்ளேயே இருக்கலாம். உள்வாங்கிய மஞ்சட்கரு இரண்டு நாட்களுக்கு உணவாகப் போதும்.

சைவ அன்பர்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. நால்வகைப் பிறப்பில் முட்டையிற் பிறப்பவற்றை அண்டசம் என்று நூல்கள் வகுத்தன. முதலில் முட்டையாகவும் பின்னர் உயிராகவும் இருமுறை பிறப்பதால் பறவைக்குத் துவிசன் என்ற பெயரும் உண்டு. குரு அருளும் தீட்சைக்கு உவமை சொன்ன பெரியோர், மீன் பார்வையாலும், ஆமை நினைவாலும், பறவை பரிசத்தாலும் தத்தம் முட்டைகளைப் பொரிக்கச் செய்வதுபோல என்றனர். பரிசம் என்பது தொடுகை. சிறகின் கீழ் வைத்து நாள்தோறும் சூடு தரும் தொடுகை அது. ஓட்டை உடைக்கும் தொடுகையன்று. மாணவனின் பக்குவம் அறிந்து காத்திருக்கும் குருவுக்கு அவ்வுவமை எத்துணைப் பொருத்தமென்பது, முட்டையொன்றின் முன் 24 மணி நேரம் கைகட்டி நின்றவருக்கு நன்கு விளங்கும்.

பொரித்தபின் வருவதே பெரிய பொறுப்பு. ஏறக்குறைய பாதிக் குஞ்சுகள் சேவலாகும். நோர்வேயின் சொந்த இனமான யேர்ஹொன்ஸ் கோழியில், பிறந்த அன்றே குஞ்சின் நிறத்தைக் கொண்டு சேவலா பேடா என்று பிரித்தறியலாம். மற்றைய பல இனங்களில் சில வாரங்கள் சென்றே தெரியும். கூவும் சேவலைத் தொடர்மாடியில் வைத்திருக்க இயலாது. தொழில்முறைப் பண்ணைகளில் வேண்டாத சேவற்குஞ்சுகளைப் பிறந்த நாளிலேயே கொல்லும் வழக்கத்தை ஜேர்மனி 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தடைசெய்தது. சேவற்கொடியோனைத் தொழும் வீட்டில் பிறந்த சேவற்குஞ்சுக்கு இடமில்லையென்றால், அது வெட்கத்துக்குரியதன்றோ?

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 பாகையளவு சூடு வேண்டும். பின் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து, இறகு முளைக்கும்வரை காக்கவேண்டும். கோழி கூட்டமாக வாழும் உயிர், தனித்து வளர்க்கக்கூடாது. அது ஏழெட்டு ஆண்டுகள் வாழவும் கூடும். 2009இல் நிறைவேறி 2010 ஜனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த நோர்வேயின் மிருக நலச் சட்டம், மிருகங்களுக்கு மனிதருக்குப் பயன்படுவதற்கு அப்பாற்பட்ட சொந்த மதிப்பு உண்டு என்று கூறுகிறது. எல்லா உயிரிலும் இறைவனைக் காணும் சமயத்தவருக்கு அது அந்நியமான சட்டமன்று. 2020 கார்த்திகையில் நோர்வேயின் காட்டுப்பறவைகளிலும் அடுத்த ஆண்டு ருகாலாந்துப் பண்ணையொன்றிலும் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. ஆதலால் கோழி வளர்க்க எண்ணுவோர் மத்தில்சீனெ எனும் உணவுப் பாதுகாப்பு அதிகார சபையின் விதிகளையும் தமது குடியிருப்புச் சங்கத்தின் விதிகளையும் முதலில் கேட்டறிதல் அவசியம்.

ஆகையால், பொரித்த குஞ்சுகள் வாழப்போகும் இடத்தை, சேவல்கள் உட்பட, முன்கூட்டியே உறுதிசெய்யாத வீட்டில் முட்டை அடைவைக்கக் கூடாது. பண்ணை வைத்திருப்பவர் ஒருவர் எல்லாக் குஞ்சுகளையும் ஏற்று வளர்க்கச் சம்மதித்து முட்டையைத் தந்தால், வைக்கலாம். அவ்வாய்ப்பில்லாதோர் ஒஸ்லோவின் கம்பென் பகுதியிலுள்ள சிறுவர் பண்ணை போன்ற இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று வீட்டு விலங்குகளோடு பழகவிடலாம். பிள்ளையின் ஆசையை மறுப்பது கடினந்தான். எனினும், ஓர் உயிரை விளையாட்டுப் பொருளாக்காமல் இருக்கக் கற்பிப்பது குஞ்சைக் காட்டுவதிலும் உயர்ந்த பாடமாகும்.

வைக்க முடிந்த வீட்டிலோ, அந்த 21 நாட்களும் ஒரு விரதம்போல் அமையட்டும். சூடு பார்ப்பதும் நீர் ஊற்றுவதும் முட்டை புரட்டுவதும் பிள்ளையின் கடமையாகட்டும். கடைசி நாளில் பெற்றோர் செய்யவேண்டிய கடமை ஒன்றே: பிள்ளையை அருகில் இருத்தி, “பொறு ராசா, அது தன்பாட்டில் வரும்” என்று சொல்லி, மூடியைத் திறவாமல் காத்திருத்தல். பொரிக்கத் தவறிய முட்டை ஏதேனும் இருந்தால் அதையும் மறைக்காமல், ஏன் அப்படியாயிற்று என்று பிள்ளையோடு சேர்ந்து ஆராய்ந்து, அடுத்த முறைக்குக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.