காட்டைக் காக்க நிலையான வருமானம்

ஏரியை வெட்ட ஒரு முறை பணம் கிடைத்தால் போதும். அதைக் காப்பாற்றுவதற்கோ வருஷந்தோறும் பணம் வேண்டும். கரை மராமத்து தவறினால் அதன் பலனை அடுத்த பெருமழையிலே காண்கிறோம். மழைக்காடுகளின் விஷயமும் இத்தன்மையதே. நன்கொடை வந்த வருஷம் காவல் இருந்து, அது தீர்ந்த வருஷம் காவல் நீங்குமாயின், நூறு வருஷம் வளர்ந்த மரம் ஒரு கோடையில் வீழ்ந்துவிடும்.

மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிகா என்னும் சிறு தேசத்தில் நடந்தது இங்கு கவனிக்கத்தக்கது. 1950-க்குப் பின் அங்கே மாட்டுப் பண்ணைகளுக்காகக் காடுகள் வெகு வேகமாய் அழிக்கப்பட்டன. 1996-ம் வருஷத்து வனச் சட்டம் காட்டை வேறு உபயோகத்திற்கு மாற்றுவதைத் தடுத்தது. அதனோடு நில்லாமல், தம் நிலத்தில் காட்டை வைத்துப் பேணுவோருக்கு ஒப்பந்தத்தின் பேரில் பணம் கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. நீரைக் காத்தல், கரியமில வாயுவை அடக்குதல், உயிரினங்களைப் பேணுதல், இயற்கை வனப்பு ஆகிய நான்கும் காடு ஊருக்குச் செய்யும் ஊழியங்கள் என்று சட்டம் ஒப்புக்கொண்டது. இன்று அத்தேசத்தில் பாதிக்கு மேல் காடாக இருக்கிறது. மாட்டிறைச்சி விலை வீழ்ந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கலாகாது.

இதற்கான பணம் பெரும்பாலும் எரிபொருள் வரியிலிருந்து வருகிறது. முதலில் வரியில் மூன்றிலொரு பங்கு என்று சட்டத்தில் எழுதியிருந்தும், பொக்கிஷத்திலிருந்து முழுத் தொகையும் வந்து சேரவில்லை. 2001-ம் வருஷத்தில் 3.5 சதவீதம் என்று குறைத்து நிர்ணயித்தார்கள். பெரிய வாக்குறுதியைக் காட்டிலும் தவறாது வரும் சிறு தொகையே மேல் என்பது இதனால் விளங்கும்.

ஆயினும் ஒரு அபாயம் உண்டு. மின்சார வாகனங்கள் பெருகப் பெருக எரிபொருள் வரி குறையும். காட்டின் காவலோ குறையலாகாது. ஆகையால், அத்தேசத்தில் தண்ணீர்க் கட்டணத்தின் ஒரு பங்கும் காட்டுக்குச் சேரும்படி பின்னர் செய்த ஏற்பாட்டையே முக்கிய ஆதாரமாக வளர்ப்பது உசிதமென்பது நமது அபிப்பிராயம்.

தண்ணீருக்குக் கூடுதலாகக் கொடுப்பது பாசனக்காரருக்குப் பாரமல்லவா எனச் சிலர் கேட்கலாம். பாரந்தான். ஆனால் மலையில் காடு அழிந்து, மாரியில் மண்ணும் வெள்ளமுமாய் வந்து, கோடையில் ஓடை வற்றுமாயின், அந்த நஷ்டத்தையும் கீழே பயிரிடுவோரே ஏற்க வேண்டும். சிறு தொகையை ஆண்டுதோறும் கொடுப்பதா, பெருநஷ்டத்தை ஒருங்கே தாங்குவதா என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் சீர்தூக்கிப் பார்ப்பார்களாக.