ஒரு சிறிய திருகைப் பற்றி

போடிநாயக்கனூரில் பின்னிரவு நான்கு மணிக்கு விழித்திருப்பவர் எவரும் குக்கர் விசிலைக் கேட்டிருப்பார். எல்லைக்கு அப்பால், மலைமேல் இருக்கும் ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் ஜீப் வருவதற்குள் சமைத்துத் தூக்குவாளியில் அடைத்துவிட வேண்டும். ஒரு வீட்டில் தொடங்கி, சுவர் ஒட்டிய அடுத்த வீட்டில் தொடர்ந்து, தெருக்கோடிவரை அந்தச் சீறல் போகும். இந்தச் சத்தம் நம் கதைகளில் வந்திருக்கிறது. சத்தத்தை எழுப்பும் பொருள் வந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒரு பூவின் பெயர் தெரியாமல் எழுதுபவரை நாம் மன்னிப்பதில்லை. அடுக்களையில் இருக்கும் வால்வு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எழுதுபவரை எவரும் கேள்வி கேட்பதில்லை. தெரியாதிருப்பது ஒருவகைக் கௌரவமாகவே ஆகிவிட்டது. இந்த அறியாமையைத் தீங்கற்றது என்று என்னால் கருத முடியவில்லை. ஏன் என்பதற்குச் சற்றுச் சுற்றித்தான் வரவேண்டும்.

குக்கரின் மூடியில் ஒரு குறுகிய குழாய். அதன்மேல் ‘வெயிட்’ என்று நாம் அழைக்கும் உலோகக் குண்டு. குண்டின் எடையைத் துளையின் பரப்பால் வகுத்தால் கிடைப்பதுதான் உள்ளே அனுமதிக்கப்பட்ட அழுத்தம். நம் வீட்டுக் குக்கர்களில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் கொதிக்கும். அதற்கு மேல் நீராவி சேர்ந்தால் குண்டு எழுந்து வழிவிடுகிறது. டெனிஸ் பாப்பின் 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டிய ஆவிக்கலத்தின் வழித்தோன்றல் இது. பானை வெடிக்காதிருக்க நெம்புகோலில் எடையைத் தொங்கவிட்டு ஒரு வால்வையும் அவர் செய்தார். 1682-இல் அக்கலத்தில் சமைத்த விருந்தை உண்ட ஜான் ஈவ்லின், எலும்புகூட மென்மையாக வெந்திருந்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

போடியிலிருந்து வளைந்து வளைந்து ஏறி, சுமார் 1400 மீட்டர் உயரத்திலிருக்கும் போடிமெட்டை அடைந்தால் இந்தக் கணக்கு சற்று மாறுகிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக அடம்பிடிக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே குண்டு அறியும். ஆகவே மலைமேல் அதே குக்கர் அடிவாரத்தைவிட இரண்டொரு டிகிரி குறைவான வெப்பத்திலேயே சீறத் தொடங்கிவிடுகிறது. மேலே குடியிருப்பவர்கள் ஒரு விசில் கூட்டி வைப்பது இதனால்தான். (விசில் கால அளவே அல்ல. தீயின் வேகத்தையும் தண்ணீரின் அளவையும் பொறுத்து அது மாறும். ஆனாலும் ‘மூன்று விசில்’ என்பது தமிழ்ச் சமையலின் அசைக்க முடியாத அலகாகிவிட்டது. அதைத் திருத்தும் துணிச்சல் எனக்கில்லை.)

அதே மூடியில் இன்னொரு துளை உண்டு. அதை அடைத்திருப்பது, குறிப்பிட்ட சூட்டில் உருகிவிடும்படி கலந்த உலோகம். பருப்புத் தோல் ஏறி முதல் துளை அடைபட்டால் உள்ளே அழுத்தமும் வெப்பமும் உயரும். அப்போது இந்த உலோகம் உருகி, தன்னை இழந்து நீராவிக்கு வழிவிடும். உருகிப்போன இடத்தில் தெருமுனைக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றை, சில சமயம் வெறும் திருகாணியை, முறுக்கிவிடுகிறார்கள். குக்கர் முன்போலவே சமைக்கும், முன்போலவே விசிலும் அடிக்கும். எல்லையை மீறினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யாரோ எடுத்துவைத்த முடிவு மட்டும் அதிலிருந்து அகற்றப்பட்டுவிட்டது.

வால்வு என்பது அதுதான்: எவ்வளவு என்பதைப் பற்றி எடுக்கப்பட்ட ஒரு முடிவு. தமிழுக்கு இது அந்நியமான பொருளல்ல. நம் ஏரிகளின் குமிழித்தூம்புக்கு நீரோடித்துளை, சேறோடித்துளை என்று தனித்தனிப் பெயர் வைத்தவர்கள் நாம். மடை திறப்பவர் என்று ஓர் ஆளையே நியமித்திருந்தோம்.

அப்படிப்பட்ட ஆள் ஏல மலையிலும் இருந்தார். பறித்த பச்சைக்காயை உலர்த்தும் ‘ஸ்டோர்’ பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை, ஓர் அறை. வெளியே விறகு அடுப்பு. அதன் புகையும் சூடும் தகரக் குழாய்கள் வழியாக அறையைச் சுற்றிவரும். மேலே அடுக்கடுக்காகக் கம்பிவலைத் தட்டுகளில் காய். முதல் சில மணி நேரம் கூரையோரத் திறப்புகள் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காயிலிருந்து கிளம்பும் ஈரம் அறைக்குள்ளேயே நின்றுவிடும். பிறகு அவற்றை மூடி, சூட்டை 50 டிகிரியை ஒட்டி நிறுத்த வேண்டும். கூடினால் காய் வெடிக்கும், பச்சை நிறம் போய்விடும்; நிறம் போனால் ஏலத்தில் விலை போய்விடும். ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ அளவே தேறும் பொருளில், ஓர் இரவின் கவனக்குறைவு பலருடைய உழைப்பைக் கரைத்துவிடும். ஆகவே ஒருவர் விழித்திருந்து, கையால் தடவி, மோந்து பார்த்துத் திறப்பை ஒரு விரற்கடை நகர்த்துவார். இப்போது வெப்பமானி பார்த்துத் தானே நிற்கும் உலர்கலன்கள் பெருகிவிட்டன. அந்த ஆளின் தூக்கம் அவருக்குத் திரும்பக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே.

கூரையோரத் திறப்பின் உறவுக்காரர் ஒருவர் நம் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கிறார். பனி உறையாத வகைப் பெட்டிகளில் மேலறையின் கடுங்குளிர்க் காற்றைக் கீழறைக்கு அளந்துவிடுவது ஒரு சிறிய மடல். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் கதவு. எங்கள் வீட்டுப் பெட்டியின் கீழறையில் தயிர் உறைந்து கல்லாகத் தொடங்கியபோது வந்த பணியாளர் பின்புறத்தைத் திறந்துகூடப் பார்க்காமல், ‘போர்டு போச்சு சார், மாத்தணும்’ என்றார். கேட்ட தொகை புதிய பெட்டியின் மூன்றிலொரு பங்கு. பிறகு உள்ளூர்க்காரர் ஒருவர் பார்த்தார். மடல் திறந்த நிலையில் பனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுடுதண்ணீர்த் துணியால் ஒற்றி எடுத்தார். என் கோபம் அந்தப் பணியாளர் மீதல்ல. திறந்து பார்ப்பது அவருடைய பயிற்சியிலேயே இல்லை. பழுதுநீக்கும் உரிமை குறித்து 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது, அவ்வாண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் உள்ளே ஒரு மடல் இருக்கிறது என்றே தெரியாதவர் எந்த உரிமையைக் கேட்பார்?

மடலைப் பற்றிய அறியாமைக்குப் பணத்தால் விலை கொடுத்துவிடலாம். இனிச் சொல்லப்போவதற்கு அப்படி முடியாது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ் நாளிதழ் படித்தவர்களுக்கு ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற தலைப்பு மனப்பாடம். பம்ப் ஸ்டவ் சுவீடனில் லிண்ட்க்விஸ்ட் 1892-இல் உருவாக்கிய அடுப்பின் வழிவந்தது. பித்தளைத் தொட்டியில் மண்ணெண்ணெய். தோல் வாஷர் போட்ட பம்பு. பம்பின் அடியில் காற்றை உள்ளே மட்டும் விடும் சின்னஞ்சிறு வால்வு. தொட்டியில் ஒரு திருகு. திருகைத் தளர்த்தினால் காற்று வெளியேறித் தீ அடங்கிவிடும். நிப்பிள் அடைத்திருக்கையில் மேலும் மேலும் காற்றடித்தாலோ, எரியும்போதே எண்ணெய் ஊற்றினாலோ விபத்து நேரும். நேர்ந்துமிருக்கிறது. ஆனால் தொட்டி வெடித்தால் பித்தளை கிழிந்திருக்கும். கிழியாத தொட்டி, முறுக்கியபடியே இருக்கும் திருகு, தலையிலிருந்து பாதம்வரை எண்ணெயில் நனைந்த சேலை என்று ஒரு காட்சி இருந்தால், அங்கே வெடித்தது ஸ்டவ் அல்ல.

வரதட்சிணைக் கொடுமைக்கென 498-ஏ பிரிவு 1983-இலும், வரதட்சிணை மரணத்துக்கென 304-பி பிரிவு 1986-இலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தன. 2024 ஜூலை முதல் இரண்டும் பாரதிய நியாய சன்ஹிதாவுக்குள் வேறு எண்களில் இருக்கின்றன. சட்டம் ஒருவாறு கண் திறந்தது. நாளிதழ் மொழியோ, அதைப் பின்பற்றிய எழுத்து மொழியோ திறந்ததாகச் சொல்ல முடியவில்லை. ‘ஸ்டவ் வெடித்தது’ என்ற வாக்கியத்தில் எழுவாய் ஒரு பொருள். மனிதர் எவரும் இல்லை. அதை அப்படியே வாசித்துவிட்டு நகர்ந்த நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் திருகு எங்கிருக்கிறது என்று தெரிந்திருக்கும்? தினமும் அதைத் தொட்ட பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் கேட்கப்படவில்லை. எழுதியவர்கள் அந்த அடுப்பின் முன் ஒரு நாளும் அமர்ந்ததில்லை.

பம்ப் ஸ்டவ் இப்போது பெரும்பாலும் பரண் ஏறிவிட்டது. அதன் இடத்தில் 14.2 கிலோ சிலிண்டரும் அதன்மேல் ஒரு ரெகுலேட்டரும். உள்ளே ஒரு ரப்பர்த் திரையும் வில்லும் சேர்ந்து, சில கிலோ அளவிலான அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராமாக இறக்கித் தருகின்றன. அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. எல்லாவற்றையும் எல்லோரும் கழற்ற வேண்டும் என்று நான் வாதாடவில்லை. எது எந்த நிலையில் இருந்தது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதைச் சொல்லத் தமிழில் வார்த்தை இருக்க வேண்டும், சொன்னவரின் பேச்சு கேட்கப்பட வேண்டும்.

குக்கரோடு வரும் கையேட்டில் ஒரு குறிப்பு இருக்கும். பெரும்பாலோர் படிப்பதில்லை. போடியில் ஜீப்புக்குப் புறப்படும் ஒரு பெண் அதைப் படிக்காமலேயே செய்வதைப் பார்த்திருக்கிறேன். அரிசியைப் போட்டுவிட்டு, மூடுவதற்கு முன் மூடியை நாற்பது வாட் பல்புக்கு நேராகத் தூக்கி, வெயிட் அமரும் குழாய் வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தார். வெளிச்சம் தெரிந்தது. மூடினார்.