தூண்டிலும் எச்சரிக்கைப் பலகையும்

நதிக்கரையில் தூண்டில் போட்டு உட்காருவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. அதற்கென்று ஒரு தலையங்கம் எழுதுவானேன் என்றும் அவர்கள் கேட்கக்கூடும். பெரிய நகரங்களில் ஏழைக்கும் செல்வனுக்கும் ஏறக்குறைய ஒரே செலவில் கிடைக்கும் இன்பங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. அந்த இன்பம் ஒரு நதியில் எவ்வாறு கெடுக்கப்பட்டது, அதன் சுமை யார் தலையில் விழுந்தது என்பது எந்த தேசத்து ஜனங்களும் அறிந்துகொள்ளத் தக்க விஷயமென்றே நாம் கருதுகிறோம். ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரத்தின் பராமட்டா நதியைப் பற்றியே இன்று சொல்லப் புகுகிறோம்.

இந்நதி ஸிட்னித் துறைமுகத்தில் போய்க் கலக்கிறது. பராமட்டா என்னும் பெயரே அந்நிலத்தின் ஆதிகுடிகளான தாருக் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. விலாங்கு மீன்கள் தங்குமிடம் என்பது அதன் பொருள். மீனின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட நதி அது. இன்று அதன் இரு கரையிலும் புறநகர்கள் நெருங்கி நிற்கின்றன. மெடோபாங்க், கபரிட்டா முதலிய படகுத்துறைகளில் பிரயாணிகள் ஏறி இறங்குகின்றனர். தென்கரைப் பக்கத்திலுள்ள ஹோம்புஷ் முதலிய இடங்களில் இலங்கையிலிருந்து சென்ற நம் தமிழ் மக்கள் பலர் குடியேறி வாழ்கின்றனர். ஆதலின் இது நமக்கு முற்றும் அந்நியமான செய்தியென்று தள்ளிவிடுவதற்கில்லை.

இத்தகைய துறைகளில் மீன்பிடிக்கப் படகு வேண்டாம், வலை வேண்டாம். மெல்லிய கோல் ஒன்று, இரண்டு மூன்று கிலோ இழுப்பைத் தாங்கும் தங்கூசி நரம்பு, சிறு முள், சிறிது ஈயம், ஓர் இறால் துண்டு ஆகியவை போதும். ஆனால் புத்தி வேண்டும். துறையைத் தாங்கும் தூண்களில் சிப்பிகள் அடர்ந்து ஒட்டியிருக்கும். அவற்றையும் அவற்றினிடையே வாழும் சிறு ஜீவன்களையும் மேய வருவது பிரீம் என்னும் மீன். கடல் ஓதம் ஏறும் வேளையும் இறங்கும் வேளையும் அறிந்து இரையை விடவேண்டும். முள்ளில் பட்ட மீன் தூணை நோக்கி ஓடும். சிப்பியின் விளிம்பில் உரசினால் நரம்பு அறுந்துபோகும். முரட்டுத்தனமாக இழுத்தாலும் அறும். தளரவிட்டாலும் மீன் தப்பும். கனத்த கருவி உள்ளவனுக்கு இந்தக் கவலை இல்லை. மெல்லிய கருவியைக் கைக்கொள்பவனோ பொறுமையையும் நிதானத்தையும் பழகிக்கொள்கிறான்.

சட்டமும் அவனைச் சும்மா விட்டுவிடவில்லை. நியூ ஸௌத் வேல்ஸ் ராஜ்ய சர்க்காருக்குச் சிறுவர் முதலிய சிலர் தவிர மற்றவர்கள் மீன்பிடிக் கட்டணம் செலுத்தவேண்டும். பிரீம் மீன் 25 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திருப்பி விட்டுவிட வேண்டும். ஒருவர் பத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. இவ்விதிகள் நியாயமானவையே. நதியின் செல்வம் நாளைய தலைமுறைக்கும் உரியது என்ற கொள்கையினின்று பிறந்தவை அவை. அவற்றை நாம் முழுமனதுடன் ஆதரிக்கிறோம்.

ஆனால், கட்டணம் செலுத்தி, அளவுகோல் வைத்துப் பார்த்து, விதிப்படி பிடித்த அந்த மீனை அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கலாமா? கூடாது. ஸிட்னித் துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடித்த எந்த மீனையும் உண்ணவேண்டாம் என்பது சர்க்காரின் எச்சரிக்கை. பராமட்டா நதி முழுவதும் பாலத்துக்கு மேற்கேதான் இருக்கிறது. பாலத்துக்குக் கிழக்கே பிடித்ததையும் பொதுவாக மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் உண்ணலாகாது என்கின்றனர். 2006-ம் வருஷத்தில் துறைமுகம் முழுவதிலும் வியாபாரத்துக்காக மீன்பிடிப்பது நிறுத்தப்பட்டது; அத்தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் அதைக் கைவிட நேர்ந்தது.

இதற்குக் காரணம் டையாக்ஸின் என்னும் விஷம். ஹோம்புஷ் விரிகுடாவின் கரையிலுள்ள ரோட்ஸில் டிம்ப்ரால் என்ற கம்பெனியின் ரசாயன ஆலை இருந்தது. 1957-ல் யூனியன் கார்பைடு அதை வாங்கிற்று. 1970-களின் நடுப்பகுதி வரையில் அங்கே 2,4,5-டீ என்னும் களைக்கொல்லி செய்யப்பட்டது. வியட்நாம் யுத்தத்தில் காடுகளின் மீது தெளிக்கப்பட்ட ‘ஏஜெண்ட் ஆரஞ்ச்’ கலவையில் பாதி இந்த ரசாயனமே. இதைச் செய்யும்போது டையாக்ஸின் உடன்பிறக்கிறது. ஆலையின் கழிவுகளைக் கொட்டியே விரிகுடாவின் ஓரத்தைத் தூர்த்து நிலமாக்கினார்கள். விஷம் சேற்றில் தங்கியது. சேற்றைத் தின்னும் புழுவில் ஏறியது. புழுவைத் தின்னும் மீனின் கொழுப்பில் சேர்ந்தது. கண்ணுக்குத் தெரியாது, நாவுக்குப் புலப்படாது, கொதிக்க வைத்தாலும் அழியாது. மீன்களோ ஓரிடத்தில் நில்லாமல் துறைமுகமெங்கும் திரிவன.

“அக்காலத்தில் யாருக்கும் தெரியாது” என்பது இத்தகைய விவகாரங்களில் எப்போதும் சொல்லப்படும் சமாதானம். அது செல்லாது. 1949-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் இதே ரசாயனத்தைச் செய்த ஓர் ஆலையில் விபத்து நேர்ந்து, தொழிலாளர்கள் கொடிய தோல்நோயால் வருந்தினார்கள். அந்நோய்க்குக் காரணம் டையாக்ஸினே என்று ஜெர்மன் ஆராய்ச்சியாளர் 1957-ல் கண்டறிந்தனர். ரோட்ஸ் ஆலை கைமாறியதும் அதே வருஷத்தில்தான். அதன் பின்னரும் ஏறக்குறைய இருபது வருஷம் உற்பத்தி நடந்தது. யூனியன் கார்பைடு என்ற பெயர் நம் தேசத்துக்கும் புதிதல்ல. 1984 டிசம்பரில் போபாலில் நடந்ததை எந்த இந்தியனும் மறந்திருக்க மாட்டான். போபாலில் ஓரிரவில் மரணம் வந்தது. பராமட்டாவில் அதே கம்பெனி விட்டுப்போன விஷமோ சத்தமின்றிச் சேற்றில் படுத்திருக்கிறது.

பின்னர் ஆலை மூடப்பட்டது. விரிகுடாவின் சேற்றில் மிகவும் கெட்ட பகுதியைத் தோண்டியெடுத்துச் சூட்டினால் சுத்திகரித்தார்கள். அதற்குப் பொதுஜனங்களின் பணமும் செலவாயிற்று. லாபம் கம்பெனிக்கு, செலவு ஜனங்களுக்கு என்று ஆயிற்று. இன்று அந்நிலத்தில் உயர்ந்த குடியிருப்புக்கள் எழுந்துள்ளன. எச்சரிக்கை மட்டும் நீங்கவில்லை.

விளையாட்டுக்காகப் பிடித்துத் திருப்பி விடுவோருக்கு இதனால் என்ன நஷ்டம் என்று சிலர் வாதிக்கலாம். மீனைக் காயமின்றி விடுவது மேலான பழக்கமே. ஆனால், தானே விரும்பி விடுவது வேறு. விஷத்துக்கு அஞ்சி விடுவது வேறு. மேலும் துறையில் நிற்பவர்கள் எல்லோரும் விளையாட்டுக்கு வந்தவர்களல்லர். பிடித்ததைச் சமைத்து உண்பதே முறையென்று கருதும் நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் பலர். பலகையின் பாஷை புரியாத முதியவருக்கு அந்தப் பலகையால் என்ன காவல்?

எச்சரிக்கைப் பலகை அவசியந்தான். ஆனால் அதை நட்டவுடன் கடமை தீர்ந்துவிட்டதென்று நினைப்பதே பெரும் பிழை. குற்றம் செய்தவன் போய்விட்டான். ஜாக்கிரதையாக இருக்கும் பொறுப்பு தூண்டில்காரன் மீது வந்து விழுந்துவிட்டது. அவன் பிடிக்கும் மீனை அங்குலம் அங்குலமாக அளக்கும் சட்டம், ஆலையின் கழிவை அளக்க வேண்டிய காலத்தில் அளக்கவில்லை. இதுவே நாம் சுட்டிக்காட்ட விரும்பும் அநீதி.

செய்யத்தக்கவை யாவை? மீன்களைக் காலந்தோறும் பரிசோதித்து முடிவுகளை மறைக்காமல் வெளியிட வேண்டும். எச்சரிக்கை, கரையில் நிற்பவர் பேசும் பாஷைகளிலெல்லாம் அவர்களை எட்டவேண்டும். அங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் தம்மவர்க்கு இதை எடுத்துச் சொல்வது சிறந்த சேவையாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த தேசத்திலாயினும் நதிக்கரையில் ஆலை வைக்க அநுமதி கேட்பவரிடம், கெடுத்தால் சீர்செய்வதற்கான பணத்தை முன்கூட்டியே ஈடாகப் பெறவேண்டும். கெட்டபின் தேடினால் கம்பெனி கைமாறியிருக்கும், பெயரும் மாறியிருக்கும்.

ஒரு நதி சுத்தமானதா என்பதற்கு ரசாயனப் பரிசோதனை வேண்டியதே. ஆயினும் சாமானிய ஜனங்களுக்குப் புரியும் பரிசோதனை ஒன்று உண்டு: அந்நதியில் பிடித்த மீனைத் தகப்பன் அச்சமின்றித் தன் குழந்தைக்கு ஊட்டலாமா? ஆம் என்று சொல்லக்கூடிய நாள் வரும்வரையில், கரையில் எத்தனை பூங்காக்கள் எழுந்தாலும் பராமட்டாவை அதன் ஜனங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எந்தச் சர்க்காரும் சொல்லிக்கொள்ள முடியாது.