மூச்சை மீட்டல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்தது எங்கள் ஊராகிய கோம்பை. ஆனித் திங்கள் பிறந்ததும் இராமக்கல் மேட்டிலிருந்து இறங்கும் காற்று தென்னையின் தலையை வளைக்கும். தெருவிற் செல்வாரின் மேலாடையைப் பறிக்கும். அத்தகைய ஊரில் வாழும் யான், 2021ஆம் ஆண்டில் ஒரு மூச்சுக் காற்றுக்கு ஏங்கினேன் என்றால், மாணவர்களே, நீங்கள் வியப்பீர்கள்.

அவ்வாண்டு கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலை நாடெங்கும் பரவியது. யானும் அதற்கு ஆளானேன். காய்ச்சல் சில நாட்களில் நீங்கிற்று, மூச்சோ மீளவில்லை. திண்ணையிலிருந்து கிணற்றடி செல்வதற்குள் இருமுறை நின்றேன். வகுப்பறையில் வெண்பாவை ஒரே மூச்சில் ஓதியவனுக்கு ஓரடி முடியுமுன் குரல் அற்றது. நோயினும் அச்சமே பெரிதாயிற்று. அஞ்சினால் மூச்சு விரையும். விரைந்த மூச்சு ஆழ்ந்து செல்லாது. அது கண்டு அச்சம் பின்னும் பெருகும்.

மூச்சை நெறிப்படுத்தும் கலை நமக்குப் புதியதன்று. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தை விரித்துரைத்தார். உள்ளிழுத்தலைப் பூரகம் என்றும், நிறுத்தலைக் கும்பகம் என்றும், வெளிவிடுதலை இரேசகம் என்றும் நூலோர் வகுத்தனர். இவற்றுள் நோயினின்று மீள்வார்க்கு உற்ற துணை இரேசகமே என்பது என் கருத்து. மெல்ல நீட்டி வெளிவிடுங்கால் இதயத் துடிப்புத் தணிகிறது. மனமும் உடன் அடங்குகிறது. பழங்காற்றுக் கழிந்தாலன்றிப் புதுக்காற்றுக்கு இடம் ஏது? கும்பகமோ நலிந்த நுரையீரலுக்குச் சுமை. ஆவல் மிகுதியால் ஒருநாள் அதனை முயன்று, தலைசுற்றி அமர்ந்தேன். மருத்துவர் கடிந்துகொண்டார், கடிந்தது முறையே.

அவ்வாண்டு ஏப்பிரலில் நடுவண் அரசின் நலவாழ்வுத் துறை, வீட்டிலிருக்கும் நோயாளர்க்கு மூச்சுத் திணறி, உயிர்வளியின் அளவு 94 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கினால் குப்புறப் படுக்குமாறு அறிவுறுத்தியது. மல்லாந்து கிடப்பார்க்கு இதயமும் வயிற்றுறுப்புகளும் நுரையீரலின் பின்பகுதியை அழுத்தும். குப்புறப் படுப்பின் அவ்வழுத்தம் குறைந்து, ஒடுங்கிய காற்றறைகள் விரியும். யோகியர் மகராசனம் என்று கிடப்பதும் ஏறக்குறைய இந்நிலையே. இளமையில் யான் இவ்வாறு படுத்தபோதெல்லாம் சோம்பேறி என்று என் அன்னையார் வைதது நினைவிற்கு வருகிறது!

எனினும், யோகம் நோய்க்கிருமியையே ஓட்டிவிடும் என்பாருடன் யான் உடன்படேன். தடுப்பூசியின் வேலையையும் உயிர்வளிக் கலத்தின் வேலையையும் அது செய்யாது. யோகத்தை இகழ்வார் அதற்குச் செய்யும் தீங்கினும், இல்லாத ஆற்றலை ஏற்றிப் புகழ்வார் செய்யும் தீங்கே பெரிது. அவர் சொல்லை நம்பி மருத்துவமனைக்குக் காலந்தாழ்த்திச் செல்பவர் இழப்பது நாளையன்று, உயிரை.

மருத்துவரின் இசைவு பெற்றபின், நாள்தோறும் விடியலில் திண்ணையில் அமர்ந்து, நான்கு எண்ணும் அளவு இழுத்து, ஆறு எண்ணும் அளவு விட்டேன். இளைப்புத் தோன்றியவுடன் நிறுத்தினேன். மூன்றாம் திங்களில் கிணற்றடி வரை நில்லாது நடந்தேன். அதில் காலம் தந்த நலம் எவ்வளவு, பயிற்சி தந்த நலம் எவ்வளவு என்று பிரித்துரைக்க என்னால் இயலாது. வெண்பாவின் நான்கடியையும் இப்பொழுது ஒரே மூச்சில் ஓதுகிறேன். மேட்டுத் தெருவை மட்டும் இன்றும் ஒருமுறை நின்றே ஏறுகிறேன்.