முகத்துக்கு ஊசியும் சிவப்பு விளக்கும்

காலையில் நாளிதழைப் பிரித்தால் உள்ளேயிருந்து ஒரு துண்டு விளம்பரம் கீழே விழுகிறது. முன்பெல்லாம் மூட்டுவலித் தைலமாக இருக்கும். இப்போது அழகு சிகிச்சை. முகத்தில் மெல்லிய அக்குபங்சர் ஊசிகளைக் குத்தி, அதன்மேல் எல்.இ.டி. சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினால் சுருக்கம் மறையுமாம், தோல் ஆரோக்கியம் பெறுமாம். 'மூத்த குடிமக்களுக்குச் சலுகை உண்டு' என்று வேறு போட்டிருக்கிறார்கள். நம்மைத்தான் குறி வைக்கிறார்கள் என்பதால் நம் வயதுக்காரர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபது, எழுபது வயதில் முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. 'இந்த வயசுல எதுக்கு?' என்று கேலி செய்பவர்கள், முதலில் தாங்கள் தலைக்கு மை அடிப்பதை நிறுத்தட்டும். ஆசையின் மேல் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்த ஆசைக்கு வைத்தியம் என்று பெயர் சூட்டி விற்கிறார்களே, அதன் மேல்தான்.

ஒளி வைத்தியம் ஏமாற்று வேலை அல்ல. டென்மார்க்கில் நீல்ஸ் ஃபின்சன் என்ற மருத்துவர், தோலில் வரும் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை செய்து 1903-ல் நோபல் பரிசு பெற்றார். பிறந்த சில நாளில் மஞ்சள் காமாலை கண்ட குழந்தையை நீல விளக்கின் கீழே படுக்க வைப்பதைப் பேரன் பேத்தி பிறந்த சமயத்தில் நம்மில் பலர் பார்த்திருப்போம். வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் தோல் மருத்துவர்கள் புற ஊதா ஒளி தருகிறார்கள்.

முகத்துக்குக் காட்டும் எல்.இ.டி.யில் புற ஊதா கிடையாது. பெரும்பாலும் 630 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பும், 830-ஐ ஒட்டிய அகச்சிவப்பும்தான். தோலின் செல்கள் அந்த ஒளியை வாங்கிச் சற்றுச் சுறுசுறுப்பாகி, கொலாஜனைக் கூடுதலாக உண்டாக்குகின்றன என்பது சொல்லப்படும் விளக்கம். நீல, சிவப்பு ஒளி முகப்பருவைக் குறைக்கும் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. மெல்லிய சுருக்கங்களில் கிடைக்கும் பலன் சிறியது, அதுவும் பல வாரம் விடாமல் செய்தால்தான். தொங்கிப்போன கன்னத்தை எந்த விளக்கும் தூக்கி நிறுத்தாது.

ஊசியும் நமக்குப் புதிதல்ல. 1938-ல் சீனாவுக்குப் போன ஐந்து இந்திய மருத்துவர்களில் கோட்னிஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதே குழுவில் இருந்த பிஜய் குமார் பாசுதான் பின்னாளில் அக்குபங்சரைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தவர். முதுகுவலிக்கும் தலைவலிக்கும் ஊசி போட்டுக்கொண்டு நிம்மதி கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் வலி வேறு, சுருக்கம் வேறு. முக அக்குபங்சர் பற்றிக் கொரியாவில் நடந்த ஒரு ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் சேர்ந்தவர்கள் 28 பெண்கள். ஊசி போடாத இன்னொரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை. முகம் கொஞ்சம் தெளிந்தது என்றாலும் அது ஊசியாலா, அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்ததாலா, குத்திய இடத்தில் வந்த லேசான வீக்கத்தாலா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது?

இரண்டையும் சேர்த்தால் பலன் இரட்டிப்பு என்கிறார்கள். அப்படிச் சொல்ல வேண்டுமானால் ஊசி மட்டும், ஒளி மட்டும், இரண்டும் சேர்த்து, எதுவுமே இல்லாமல் என்று நான்கு குழுக்களை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். விளம்பரத்தில் அந்தப் பேச்சே இல்லை. இரட்டிப்பாவது பில் மட்டும் நிச்சயம்.

பணம் போனால்கூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். என் நண்பர் ஒருவரின் மனைவிக்கு 68 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தினமும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். பேத்தி கல்யாணத்துக்கு முன் பன்னிரண்டு சிட்டிங் என்று ஓர் இடத்தில் அட்வான்ஸ் கட்டினார். பணம் வாங்கும்வரை 'என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?' என்று ஒருவரும் கேட்கவில்லை. கட்டிய பிறகு கேட்டார்கள். முகத்தில் ரத்தம் கட்டி நீலம் பாய்ந்துவிடும், அதனால் கல்யாணம் வரை அந்த மாத்திரைகளை நிறுத்திவையுங்கள் என்றார்களாம். நல்ல வேளையாக அந்த அம்மாள் தன் இதய மருத்துவருக்கு போன் போட்டுக் கேட்டார். 'மாத்திரையில் கை வைக்கவே கூடாது, ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்' என்று கத்தியே விட்டார் அவர். சுருக்கத்துக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்வது எந்த ஊர் ஆரோக்கியம்?

ஆகவே ஆசை உள்ளவர்கள் போங்கள், ஆனால் சிலவற்றைக் கவனியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் சர்க்கரை நோயாளிகளும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஊசிக்கு முகத்தைக் காட்ட வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தால், ஊசியில் மின்சாரம் செலுத்தும் முறைக்குச் சம்மதிக்கவே வேண்டாம். ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். விளக்கு போடும்போது கண்ணுக்கு மறைப்பு வேண்டும். நியூட்ரோஜீனா நிறுவனம் தன் ஒளி முகமூடியை, சிலருக்குக் கண் பாதிக்கப்படக்கூடும் என்ற கவலையால் 2019-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆறாத புண், நிறமோ வடிவமோ மாறும் மச்சம் இருந்தால் அழகு நிலையம் வேண்டாம், நேரே தோல் மருத்துவரிடம் போங்கள்.

உண்மையில் முகச் சுருக்கத்துக்குப் பெரிய காரணம் வெயில். அமெரிக்காவில் 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் பத்து இருபது வயது மூத்தவருடையதுபோல் சுருங்கிக் கிடந்தது. நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவா வேண்டும்? குடை, சன்ஸ்கிரீன், குளித்ததும் ஈரம் காயுமுன் தடவும் தேங்காய் எண்ணெய் அல்லது மாய்ஸ்சரைசர். நம் வயதுத் தோலின் வறட்சிக்கும் அரிப்புக்கும் வேண்டியது இதுதான்.

அதற்கு மேலும் ஊசியும் விளக்கும் வேண்டுமென்றால், நல்ல ஓட்டலில் சாப்பிடச் செலவழிப்பதுபோல் ஒரு சந்தோஷத்துக்காகச் செலவழியுங்கள். மருந்துச் செலவுக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள்.