தலைப்பு இழுக்கலாம், ஏமாற்றக் கூடாது

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. புதிய எச்1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற பிரகடனத்தில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். ஞாயிறு அதிகாலை 12:01-க்கு அமல். சென்னையில் அப்போது காலை 9:31. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தவர்கள் திரும்பி வர டிக்கெட்டுக்கு அலைந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து துபாய் கிளம்ப இருந்த விமானத்தில் ஏறி உட்கார்ந்த சிலர், பயந்துபோய் இறங்கியே விட்டார்கள்.

அந்தப் பயத்தில் தப்பில்லை. வர்த்தக அமைச்சர் லட்னிக்கே வருஷா வருஷம் கட்ட வேண்டிய தொகை என்பதுபோலத்தான் பேசினார். மைக்ரோசாஃப்ட், அமேசான் போன்ற நிறுவனங்களே ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லின. மறுநாள்தான் வெள்ளை மாளிகை விளக்கியது: ஒரு முறை மட்டும் கட்டணம், புதிய மனுக்களுக்கு மட்டும், ஏற்கெனவே விசா இருப்பவர்கள் வழக்கம்போல் போய் வரலாம்.

நல்ல எழுத்துக்கும் இணையத்தில் ஓடுகிற எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. அன்று வாசகருக்கு இருந்தது ஒரே கேள்வி: "இது எனக்கா?" நல்ல செய்தி அதற்கு முதல் பத்தியிலேயே பதில் சொல்லும். இன்னும் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்லும். ஓடுகிற செய்தி "எச்1பி-காரர்கள் தலையில் இடி!" என்று தலைப்புப் போட்டு, பதிலைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைக்கும். கீழே போகப் போக விளம்பரங்கள் கண்ணில் படுமே! பொய் ஒரு வரிகூட இருக்காது. ஆனாலும் படித்தவர் ஏமாந்துதான் போவார்.

தமிழில் எழுதும்போது இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. எடிசனிலோ ஃப்ரீமாண்டிலோ ஃபிரிஸ்கோவிலோ இருப்பவருக்குக் கம்பெனி வக்கீல் மெயில் அனுப்பிவிடுவார். மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு யார் அனுப்புவது? அவருக்குக் கிடைப்பது வாட்ஸ்அப்பில் வரும் தமிழ்த் தலைப்பு மட்டும்தான். சனிக்கிழமை விளக்கம் வந்த பிறகும் வெள்ளிக்கிழமைத் தலைப்பு சுற்றிக்கொண்டே இருந்தால், "வேலை போயிடுச்சாப்பா?" என்று நடுராத்திரி போன் வரத்தான் செய்யும்.

விளம்பரம் இல்லாமல் தளம் நடத்த முடியாது, உண்மைதான். இழுக்கிற தலைப்பும் பாவமில்லை. "புதிய மனுக்களுக்கு மட்டும் ஒரு லட்சம் டாலர்" என்பதும் இழுக்கிற தலைப்புதானே? வாசகர் பாதியில் நிறுத்தினாலும் அவருக்கு வேண்டியது கிடைத்திருக்க வேண்டும். விவரம் மாறினால் தலைப்பையும் மாற்றி, மாற்றிய நேரத்தையும் போட வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊருக்கு ஃபார்வேர்ட் செய்யும் முன் தேதியைப் பாருங்கள். "நமக்கு இது பொருந்தாது, கவலைப்படாதீங்க" என்று கூடவே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரிதான் அம்மாவுக்கு வேண்டிய செய்தி.